மூன்று வன்தட்டு ரெய்ட் 5 தொகுதியில் நான்காவதைச் சேர்ப்பது: டெபியன் சேர்வர், கொட்டாஞ்சேனை

அச்சகத்தான் | புதன், முற்பகல் 10.20

அனைவருக்கும் வணக்கம். கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தின் பக்க வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். கணினி தெரிந்தவன் என்ற ஒரே காரணத்தால் சேர்வரும் என் தலையில் விழுந்தது. டெபியன் 12 ஓடும் அந்தச் சேர்வரில் 4 டெராபைட் வன்தட்டுகள் மூன்றை எம்டிஏடிஎம் என்ற லினக்ஸ் கருவி மூலம் ரெய்ட் 5 ஆக (ஒரு தட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி) இணைத்து, அதன் மேல் நேரடியாக ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை இட்டிருக்கிறோம். இயங்குதளம் தனியான ஓர் எஸ்எஸ்டியில் உள்ளது. திருமண அழைப்பிதழ்கள், கோயில் திருவிழா மலர்கள், பாடசாலை நினைவு மலர்கள் என்று இதுவரை செய்த வேலைகள் எல்லாம் அந்த ஒரே தொகுதியில்தான் இருக்கின்றன. இப்போது அது 94 சதவீதம் நிரம்பிவிட்டது.

நேற்று பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போய் அதே கொள்ளளவில் நான்காவது வன்தட்டு ஒன்றை வாங்கி வந்தேன். தரவை எங்கும் நகர்த்தாமல், தொகுதியைக் கலைக்காமல், இதைச் சேர்த்து 8 டெராபைட்டை 12 ஆக்க முடியும் என்று அறிகிறேன். வேலை நேரத்தில் செய்யலாமா, எவ்வளவு நேரம் பிடிக்கும், இடையில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பவைதான் என் கேள்விகள். காப்புப் பிரதி என்று சொல்ல, இந்த ஆண்டின் வேலைகள் மட்டும் உள்ள 2 டெராபைட் வெளித்தட்டு ஒன்று இருக்கிறது.

தெமட்டகொடை மின்மினி | புதன், முற்பகல் 11.05

செய்யலாம். புதிய தட்டை முதலில் உதிரியாகச் சேர்த்து, பிறகு 'க்ரோ' விருப்பத்துடன் தட்டுகளின் எண்ணிக்கையை 4 என்று கொடுங்கள். அது முடிந்ததும் ரிசைஸ்2எஃப்எஸ் கட்டளையால் கோப்பு முறைமையை விரியுங்கள். மூன்றே கட்டளைகள். என் வீட்டுச் சேர்வரில் இரவு தொடங்கி மறுநாள் மாலைக்குள் முடித்தேன். யோசித்துக்கொண்டிருக்க இதில் ஒன்றுமில்லை.

பழைய முனையம் | புதன், பிற்பகல் 1.30

மின்மினி சொன்ன மூன்று கட்டளைகளும் சரியானவையே. ஆனால் அவருடையது வீட்டுச் சேர்வர். உங்களுடையதில் ஊராரின் திருமணங்கள் இருக்கின்றன. ஆகவே எதையும் தட்டுவதற்கு முன் மூன்று தகவல்களைத் தாருங்கள்.

பழைய தட்டுகள் ஒவ்வொன்றின் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது தட்டு தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவை, ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு எடுத்து, 5, 197, 198, 199 ஆகிய எண்களுக்குரிய மதிப்புகளையும் ஓடிய மணித்தியாலங்களையும் இங்கே இடுங்கள். அடுத்து, புதிய தட்டின் மாதிரி எண்ணை உற்பத்தியாளரின் தரவுத்தாளோடு ஒப்பிட்டு, அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பார்த்துச் சொல்லுங்கள். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியே இருக்கும். எஸ்எம்ஆர் தட்டில் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒரு தடத்தை மாற்றி எழுத அருகில் உள்ளவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். அன்றாடப் பாவனையில் இது தெரியாது. மணிக்கணக்காக எழுதிக்கொண்டே இருக்கும் ரெய்ட் வேலையில்தான் தெரியும். வேகம் தவழும் நிலைக்கு வந்து, சில வேளைகளில் தட்டு பதிலளிக்கவில்லை என்று தொகுதியே அதை வெளியே தள்ளிவிடும். 2020 இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாதிரிகள் எஸ்எம்ஆர் வகை என்று ஒப்புக்கொண்டது. அதன் பின்னரே சிஎம்ஆர் தட்டுகளுக்கு ரெட் பிளஸ் என்ற தனிப்பெயர் வந்தது. ஆகவே பெட்டியின் மேல் நாஸ் (வலையமைப்புச் சேமிப்பகத்துக்கானது) என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். எல்எஸ்பிஎல்கே கட்டளையின் மண்டலப் பத்தி இதைக் காட்டிக்கொடுக்கும் என்றும் எண்ண வேண்டாம்; தன் வேலையைத் தானே மறைத்துச் செய்யும் எஸ்எம்ஆர் தட்டு அங்கே சாதாரணத் தட்டாகவே தோன்றும்.

மூன்றாவதாக, மீதமுள்ள 5 டெராபைட்டுக்கும் மேற்பட்ட தரவுக்குக் காப்புப் பிரதி எங்கே?

அச்சகத்தான் | புதன், மாலை 6.45

நன்றி அண்ணா. புதிய தட்டு சிஎம்ஆர் என்று தரவுத்தாளில் தெளிவாக எழுதியிருக்கிறது.

பழையவற்றில் முதலாவதும் இரண்டாவதும் எல்லா எண்களிலும் பூச்சியம். மூன்றாவதில் 197 க்கு நேரே 8 என்று காட்டுகிறது. 5, 198, 199 ஆகியவற்றில் பூச்சியம். மூன்றும் ஏறத்தாழ 41,000 மணித்தியாலங்கள் ஓடியிருக்கின்றன. பழைய தரவுக்கு வேறு பிரதி இல்லை. முதலாளியிடம் கேட்டபோது, "மூன்றில் ஒன்று போனாலும் தரவு போகாது என்று நீதானே சொன்னாய்?" என்று திருப்பிக் கேட்டார். அப்படிச் சொன்னதும் நான்தான்.

பழைய முனையம் | புதன், இரவு 9.10

நீங்கள் சொன்னதில் பிழை இல்லை, தம்பி. மூன்றில் ஒன்று போனாலும் தரவு போகாது என்பதில் 'ஒன்று' என்ற சொல்தான் முக்கியம்.

197 என்பது படிக்க முடியாமல், என்ன செய்வதென்று முடிவெடுக்கப்படாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை. அந்த எட்டும் உங்கள் தரவை இன்று கொல்லப் போவதில்லை. மூன்று தட்டுகளும் தொகுதியில் இருக்கும் வரை, ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் ரெய்டை நடத்தும் எம்டி இயக்கி மற்ற இரண்டிலிருந்தும் பாரிட்டியைக் (இழந்ததை மீட்கவென்று சேர்த்து எழுதப்படும் தரவு) கொண்டு அதைக் கணக்கிட்டு, அதே இடத்தில் திரும்ப எழுதிவிடும். எழுதும்போது தட்டு அந்த இடத்தைச் சீராக்கிக்கொள்ளும். முடியாவிட்டால் மாற்றிடம் ஒன்றை ஒதுக்கும்; அப்படி ஒதுக்கியவற்றின் எண்ணிக்கைதான் 5. இந்தப் பாதுகாப்பு, தரவை நான்கு தட்டுகளுக்கும் பரப்பி அடுக்கும் மறுவடிவமைப்பு நடக்கும்போதும் இருக்கும். ஆனால் அது நடக்கும் ஒரு நாளோ ஒன்றரை நாளோ, தட்டுகள் நான்கும் ஓயாமல் படித்து எழுதிக்கொண்டிருக்கும். அந்த வேளையில் முதலாவதோ இரண்டாவதோ ஏதோ காரணத்தால் வெளியேறினால், மூன்றாவது தட்டின் எட்டு செக்டர்களையும் கணக்கிட்டுத் தர எவரும் இல்லை. நீங்கள் பயப்பட வேண்டியது இந்தச் சந்தர்ப்பத்துக்குத்தான்.

எனவே முதற் கட்டளை சேர்ப்பது அல்ல, சோதிப்பது. உங்கள் தொகுதியான எம்டி0 வின் 'சிங்க்-ஆக்ஷன்' கோப்பில் 'செக்' என்ற சொல்லை எழுதினால், தொகுதி தொடக்கம் முதல் முடிவு வரை எல்லா வரிசைகளையும் படித்துப் பார்க்கும். படிக்க முடியாத இடங்களை மேற்சொன்ன முறையில் திருத்தியும்விடும். 4 டெராபைட் தட்டுகளில் இதற்கு ஏறத்தாழ எட்டு மணித்தியாலம் போதும். டெபியனில் இது மாதத்தின் முதல் ஞாயிறு தானாகவே ஓடும்படி பல ஆண்டுகளாக ஏற்பாடு இருந்து வருகிறது. வார இறுதியில் சேர்வரை அணைத்துவிடும் பழக்கம் உங்கள் அச்சகத்தில் இருந்தால் அது ஒருமுறைகூட ஓடியிருக்காது. கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. தட்டுகள் ஒவ்வொன்றும் பிழை மீட்புக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை ஸ்மார்ட்சிடிஎல்லின் 'எஸ்சிடி ஈஆர்சி' விருப்பத்தால் பாருங்கள். நாஸ் தட்டுகளில் அது வழக்கமாக 70, அதாவது 7 வினாடி. மேசைக் கணினிக்கான தட்டுகள் பல ஒரு கெட்ட செக்டரோடு இரண்டு நிமிடங்கள்கூட மல்லுக்கட்டும். லினக்ஸ் கேர்னலோ 30 வினாடியில் பொறுமை இழந்து தட்டை மீளத் தொடக்கும். அந்தக் குழப்பத்தில் நல்ல தட்டே கெட்டதென்று வெளியேற்றப்படும். ஈஆர்சி வசதி இல்லாத தட்டாக இருந்தால், கேர்னல் காத்திருக்கும் நேரத்தை அந்தத் தட்டுக்கு மட்டும் 180 வினாடியாக உயர்த்துங்கள். இரண்டு அமைப்புகளும் மறுதொடக்கத்தில் மறைந்துவிடக் கூடியவை என்பதால் தொடக்கக் கட்டளைகளில் எழுதி வையுங்கள்.

கடலோரம் | வியாழன், முற்பகல் 8.15

நான் வெள்ளவத்தையில் கடலிலிருந்து இருநூறு அடி தூரத்தில் இருக்கிறேன். உப்புக் காற்றோடு வாழ்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். 199 என்ற எண் தட்டின் கோளாறைக் காட்டுவதல்ல. தட்டுக்கும் பலகைக்கும் இடையிலான கேபிளில் தரவு சிதைவதைக் காட்டுவது. என் சேர்வரில் அது மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நான் தட்டைக் குறை சொல்லிப் புதிய தட்டும் வாங்கினேன், அதிலும் ஏறியது. கடைசியில் பச்சை படிந்த ஒரு சாட்டா கேபிளை மாற்றியதும் நின்றது. உங்களுக்கு இப்போது பூச்சியம் என்பது நல்ல செய்தி. ஆனால் புதிய தட்டுக்குப் போடும் கேபிளும் புதியதாக இருக்கட்டும். மின் இணைப்புக்குப் பழைய நான்கு ஊசிச் செருகியிலிருந்து சாட்டாவாக மாற்றும், அச்சில் வார்த்த மலிவு வகையை மட்டும் பாவிக்க வேண்டாம். அதில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு எரிவது உலகெங்கும் நடந்திருக்கிறது.

சேர்த்த பிறகு 199 ஐ ஒரு வாரம் கவனியுங்கள். அது குறையாது, ஏறாமல் நின்றால் போதும்.

கணக்குப்பிள்ளை | வியாழன், முற்பகல் 9.40

எனக்கு அடிப்படையிலேயே ஓர் ஆட்சேபம் இருக்கிறது. 41,000 மணித்தியாலம் என்பது ஏறத்தாழ நான்கு ஆண்டு எட்டு மாதம். அந்த வயதுடைய மூன்று தட்டுகளோடு நான்காவதை இணைத்து, ஒரேயொரு பாரிட்டியின் நிழலில் 12 டெராபைட்டை வைப்பதைவிட, இரண்டு தட்டுகள் போனாலும் தாங்கும் ரெய்ட் 6 க்கு மாறுவதே அறிவு. சாதாரணத் தட்டுகளின் தரவுத்தாளில், 10 இன் 14 ஆம் அடுக்கு பிட்டுகளைப் படித்தால் ஒரு படிக்க முடியாத பிழை வரலாம் என்று போட்டிருக்கிறார்கள். அது 12.5 டெராபைட். நான்கு தட்டுகளில் ஒன்று போனால் மீள்கட்டமைப்புக்கு மற்ற மூன்றையும் முழுதாகப் படிக்க வேண்டும். அதுவே 12 டெராபைட். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அல்லது எல்லாவற்றையும், ரெய்ட் வேலையையும் தானே செய்யும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ்ஸுக்குக் கொண்டு போகலாம். ரெய்ட்-இசட் தொகுதியில் ஒரு தட்டைச் சேர்க்கும் வசதி 2025 ஜனவரியில் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3 இல் வந்துவிட்டது.

தவிர, ஈஎக்ஸ்டி4 தன் இடத்தில் 5 சதவீதத்தை நிருவாகியான ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். 8 டெராபைட்டில் அது 400 ஜிகாபைட். இயங்குதளம் இல்லாத வெறும் தரவுத் தொகுதிக்கு அவ்வளவு தேவையே இல்லை. டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அதை 1 சதவீதமாக்கினால் 320 ஜிகாபைட் இந்த நிமிடமே கிடைக்கும். யுனிட்டி பிளாசாவுக்குப் போகும் முன்பே சொல்லியிருப்பேன், நீங்கள் கேட்கவில்லை.

பழைய முனையம் | வியாழன், நண்பகல் 12.20

கணக்குப்பிள்ளையின் கடைசிப் பத்திக்குத் தலை வணங்குகிறேன். அந்த 320 ஜிகாபைட் இருந்தால் இந்த வேலையை அவசரமில்லாமல் செய்யலாம். அதை முதலில் செய்யுங்கள்.

ஆனால் அவருடைய பிழைக் கணக்கை அப்படியே ஏற்க முடியவில்லை. 10 இன் 14 என்பது உற்பத்தியாளர் கொடுக்கும் மோசமான எல்லை. அது உண்மையிலேயே சராசரியாக இருந்தால், மாதந்தோறும் 12 டெராபைட்டைப் படித்துச் சோதிக்கும் தொகுதிகள் எல்லாம் மாதந்தோறும் ஒரு பிழை தந்திருக்க வேண்டும். நம்மில் எவரும் அப்படிக் கண்டதில்லை. ரெய்ட் 6 நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான்கு தட்டில் ரெய்ட் 6 போட்டால் கிடைப்பது மறுபடியும் 8 டெராபைட்தான். இடம் போதாது என்று வந்தவரிடம் இடம் கூடாத வழியைச் சொல்கிறோம். ஐந்தாவது தட்டு ஒன்று வாங்கும் நாளில் ரெய்ட் 5 ஐ 6 ஆக்குவதையும் இதே 'க்ரோ' கட்டளை செய்யும். அது வரை காத்திருக்கலாம்.

இசட்எஃப்எஸ் பற்றி: 7 டெராபைட்டைத் தற்காலிகமாக எங்கே வைப்பது? அப்படி ஓர் இடம் இருந்தால், நான் கேட்ட காப்புப் பிரதியே அங்கே இருந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை | வியாழன், பிற்பகல் 2.05

பிழைக் கணக்கில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நிலுவை எட்டு உள்ள மூன்றாவது தட்டு அந்தத் தொகுதியில் தொடரக் கூடாது என்பதில் நான் நகர மாட்டேன். வாங்கிய தட்டு நான்காவதாகச் சேரக் கூடாது. மூன்றாவதன் இடத்துக்குப் போக வேண்டும். விரிவாக்கத்துக்கு இன்னொன்று வாங்கட்டும்.

பழைய முனையம் | வியாழன், பிற்பகல் 2.30

சோதனை முடிந்த பிறகு பேசுவோம். எட்டு செக்டர்கள் ஒரு மின்வெட்டின் நடுவில் எழுதப்பட்டுப் பாதியில் நின்றவையாகவும் இருக்கலாம். அப்படியானால் திரும்ப எழுதியதும் 197 பூச்சியமாகும், 5 ஏறாது.

அச்சகத்தான் | ஞாயிறு, மாலை 5.30

வெள்ளி இரவு சோதனையைத் தொடங்கினேன். சனி காலை முடிந்திருந்தது. 197 பூச்சியமாகிவிட்டது. ஆனால் 5 இல் இப்போது 3 என்று நிற்கிறது. பாரிட்டி பொருந்தாத இடங்களின் எண்ணிக்கை பூச்சியம். வார இறுதியில் சேர்வரை அணைப்பது உண்மைதான். மின் கட்டணத்துக்காக முதலாளி செய்த ஏற்பாடு. ஆகவே இது இந்தத் தொகுதியின் வாழ்நாளில் நடந்த முதற் சோதனை.

ஒதுக்கத்தையும் 1 சதவீதமாக்கினேன். திங்கள் வந்து பார்க்கும் பொடியன்கள், இடம் எங்கிருந்து வந்தது என்று கேட்கப் போகிறார்கள்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, மாலை 6.10

மூன்று செக்டர் மாற்றிடத்துக்குப் போயிருக்கின்றன. என் கருத்து மாறவில்லை.

பழைய முனையம் | ஞாயிறு, இரவு 8.00

என் கருத்து மாறிவிட்டது. மாற்றிடம் வாங்கத் தொடங்கிய தட்டை, முழு எழுத்து வேலைக்கு நடுவில் நம்ப வேண்டாம். கணக்குப்பிள்ளை சொன்னபடியே செய்யுங்கள்.

ஆனால் மூன்றாவது தட்டைக் கெட்டதென்று அறிவித்து வெளியே எடுத்துவிட்டுப் புதியதைப் போடாதீர்கள். அப்படிச் செய்தால் மீள்கட்டமைப்பு முடியும் வரை உங்களுக்குப் பாதுகாப்பே இருக்காது. எம்டிஏடிஎம்மில் 'ரீப்ளேஸ்' என்றொரு விருப்பம் உண்டு. புதியதை உதிரியாகச் சேர்த்து, பழையதைக் குறிப்பிட்டு, எதனால் மாற்றுவது என்பதை 'வித்' என்பதற்குப் பின் கொடுத்தால், பழைய தட்டு தொகுதியில் இருந்தபடியே புதியதற்குப் பிரதி எடுக்கப்படும். பழையதில் படிக்க முடியாத இடம் வந்தால் மட்டும் மற்ற இரண்டிலிருந்து கணக்கிடப்படும். முடிந்ததும் பழைய தட்டு பழுது என்று குறிக்கப்படும். அது வழமை, பதற வேண்டாம்.

அதற்கு முன் இரண்டு காரியங்கள். புதிய தட்டு முதல் நாளிலேயே சாகலாம். பேட்பிளாக்ஸ் கொண்டு ஒரே ஒரு வடிவத்தை முழுதும் எழுதிப் படித்துப் பாருங்கள், ஏறத்தாழ பதினைந்து மணித்தியாலம் எடுக்கும். வழக்கமான நான்கு வடிவங்களையும் ஓட்டினால் இரண்டரை நாள்; உங்களுக்கு அது வேண்டாம். எழுதும் சோதனை தட்டில் உள்ளதை அழிக்கும் என்பதால், தட்டை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களால் அல்ல, தொடர் எண் அடங்கிய 'பை-ஐடி' பெயரால் அழையுங்கள். ஒரு கேபிளை மாற்றிச் செருகினாலும் அந்த எழுத்துகள் இடம் மாறிவிடும்.

பார்ட்டிஷன் அட்டவணையைப் பிரதி செய்ய எஸ்ஜிடிஸ்க் பாவிப்பீர்களானால், அதன் 'ஆர்' விருப்பத்துக்கு அடுத்து வருவது புதிய தட்டு, வரியின் கடைசியில் வருவது பழைய தட்டு. மனிதர் எவரும் இயல்பாக நினைக்கும் ஒழுங்குக்கு இது நேர்மாறு. மாற்றிக் கொடுத்தால் வெறும் அட்டவணை நல்ல தட்டின் மேல் ஏறிவிடும். ஒருமுறை நானே செய்திருக்கிறேன். அந்தக் கதையை இங்கே சொல்ல விரும்பவில்லை. பிரதி எடுத்த பிறகு பெரிய 'ஜி' விருப்பத்தால் அடையாள எண்களைப் புதிதாக்க மறக்க வேண்டாம்.

அச்சகத்தான் | அடுத்த வியாழன், இரவு 7.20

சோதனையில் தட்டு தேறியது. மாற்றீடு ஒன்பது மணித்தியாலத்தில் முடிந்தது. அச்சகத்தில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. நீங்கள் முன்பே சொல்லியிருந்தும், பழைய தட்டின் பக்கத்தில் பழுது என்ற குறியைக் கண்டதும் நெஞ்சு ஒருமுறை நின்றது.

முதலாளி இரண்டாவது தட்டுக்கும் சம்மதித்துவிட்டார். அதோடு பெரிய வெளித்தட்டு ஒன்றையும் வாங்கித் தந்தார். முழுப் பிரதி எடுத்து, அவருடைய வத்தளை வீட்டில் வைத்திருக்கிறோம். ரெய்ட் பற்றி நான் சொன்ன எதுவும் அவரை அசைக்கவில்லை. மூன்று தட்டும் ஒரே பெட்டியில் ஒரே மின்கம்பியில் தொங்குகின்றன என்பதைக் காட்டிய பிறகே சம்மதித்தார்.

இந்த வாரம் போயா (பௌர்ணமி) விடுமுறையும் வார இறுதியும் சேர்ந்து வருகின்றன. நாளை இரவு தொடங்கலாம் என்று நினைக்கிறேன். காப்புக் கோப்பு என்று ஒன்றை எம்டிஏடிஎம் கேட்கிறதாமே, அது எதற்கு?

பழைய முனையம் | வியாழன், இரவு 9.45

தொகுதி முழுவதுக்குமான காப்பு அல்ல அது. தொடக்கத்தின் சில மெகாபைட்டுகளுக்கு மட்டுமானது. காரணம் இது. இப்போது ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு துண்டு தரவும் ஒரு துண்டு பாரிட்டியும் உள்ளன. மாற்றிய பிறகு ஒவ்வொரு வரிசையிலும் மூன்று துண்டு தரவு இருக்கும். அதாவது மூன்று பழைய வரிசைகளைப் படித்தால் இரண்டு புதிய வரிசைகள் நிறையும். ஆகவே படிக்கும் இடம் முன்னே ஓட, எழுதும் இடம் பின்தங்கிக்கொண்டே வரும். தூரம் கூடக் கூட, எழுதப்படும் இடத்தில் இருந்த பழைய தரவு ஏற்கெனவே புதிய இடத்தில் பத்திரமாக இருக்கும். மின்சாரம் போனால், தொகுதியின் விவரங்களைத் தட்டுகளிலேயே பதிந்து வைக்கும் மேற்பகுதியில் குறித்து வைத்த இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் தொடக்கத்தில் இந்த இடைவெளி இல்லை. முதல் வரிசைகளை அவை இருந்த இடத்திலேயே மாற்றி எழுத வேண்டும். அந்தச் சில நொடிகளில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதற்காகத்தான் அந்தப் பகுதியை வேறோர் இடத்தில் எழுதி வைக்கிறது.

1.2 வகை மேற்பகுதி கொண்ட அண்மைக்காலத் தொகுதிகளில் தரவுக்கு முன்னால் வெற்றிடம் விடப்பட்டிருக்கும். 'எக்ஸாமின்' கட்டளையில் பாவிக்கப்படாத இடம் என்ற வரியில் அதைக் காணலாம். அது போதுமாக இருந்தால் எம்டிஏடிஎம் தரவின் தொடக்கத்தைச் சற்று நகர்த்திக்கொண்டு, காப்புக் கோப்பு இல்லாமலே வேலையைச் செய்யும். இருந்தாலும் கேட்டால் கொடுங்கள். அந்தக் கோப்பு எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். விரிக்கப்படும் தொகுதியிலேயே வைப்பது, கிணற்றில் விழுந்தவனிடமே கயிற்றைக் கொடுப்பது போலாகும். மறுதொடக்கத்தில் துடைக்கப்படும் தற்காலிகக் கோப்புறையிலும் வேண்டாம்.

எஃப்எஸ்டேப் கோப்பில், சேர்வர் தொடங்கும்போது இந்தத் தொகுதி தானாக மவுண்ட் ஆகாதபடி (பாவனைக்கு இணையாதபடி) செய்துவிட்டுத் தொடங்குங்கள். யூபிஎஸ் இருக்கிறதா?

அச்சகத்தான் | வியாழன், இரவு 10.05

650 விஏ ஒன்று இருக்கிறது. சேர்வரை மட்டும் பத்து நிமிடம் தாங்கும். சேர்வருக்கு அதனோடு யூஎஸ்பி இணைப்பும் உண்டு.

கடலோரம் | வெள்ளி, முற்பகல் 7.50

போதும், ஆனால் யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் என்யூடி மென்பொருளை நிறுவி, மின்கலம் குறையும்போது சேர்வர் ஒழுங்காக அணையும்படி செய்து, ஒருமுறை செருகியைப் பிடுங்கிச் சோதித்தும் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்த நாம் இதை மறந்திருக்க மாட்டோம். அப்போதாவது நேர அட்டவணை தந்தார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டபோது அட்டவணை எதுவும் இருக்கவில்லை.

அச்சகத்தான் | சனி, முற்பகல் 9.15

நேற்று இரவு 8 மணிக்குத் தொடங்கினேன். காப்புக் கோப்பைக் கேட்கவில்லை. ஆனால் வேகம் வினாடிக்கு 22,000 கிலோபைட்டைத் தாண்டவில்லை. மொத்தம் நாற்பத்தொன்பது மணித்தியாலம் என்று வருகிறது. திங்கள் காலை அச்சகம் திறக்கும்.

பழைய முனையம் | சனி, முற்பகல் 9.50

இரண்டு இடங்களைத் தொடுங்கள். எம்டி இயக்கி மற்ற வேலைகளுக்கு வழிவிடும்போது இறங்கக்கூடிய குறைந்தபட்ச வேகம் இயல்பாக 1,000 கிலோபைட். அதை 50,000 ஆக்குங்கள். அடுத்து, வரிசைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான 'ஸ்ட்ரைப் கேஷ்' அளவு இயல்பாக 256. அதை 8,192 ஆக்குங்கள். அது 4 கிலோபைட் பக்கங்களில் தட்டு ஒன்றுக்கான கணக்கு என்பதால் நான்கு தட்டுகளுக்கு 128 மெகாபைட் நினைவகம் செலவாகும். உங்கள் சேர்வருக்கு அது ஒரு பொருட்டல்ல.

அச்சகத்தான் | சனி, முற்பகல் 10.30

56,000 க்கு ஏறிவிட்டது. பெரும் மாற்றம் இரண்டாவதில்தான் தெரிந்தது.

அச்சகத்தான் | சனி, இரவு 11.40

மாலை 6.20 க்கு எங்கள் வீதியில் மின்சாரம் போனது. சேர்வர் எட்டாவது நிமிடத்தில் தானாக ஒழுங்காக அணைந்தது. ஏழரை மணிக்கு மின்சாரம் வந்ததும் இயக்கினேன். தொகுதி நான்கு தட்டுகளோடும் கூடியது. ஆனால் படிக்க மட்டும் என்ற நிலையில் நின்றது, மறுவடிவமைப்பு அசையவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இங்கே எழுதத் தொடங்கினேன். பிறகு கையேட்டில் 'ரீட்ரைட்' விருப்பத்தைக் கண்டு கொடுத்தேன். விட்ட இடமான 61 சதவீதத்திலிருந்து தொடர்ந்தது. ஸ்ட்ரைப் கேஷ் அளவு பழையபடி 256 க்குத் திரும்பியிருந்தது, மீண்டும் உயர்த்தினேன்.

பழைய முனையம் | ஞாயிறு, முற்பகல் 6.30

நான் விழித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். முடிந்ததும் ரிசைஸ்2எஃப்எஸ். மவுண்ட் ஆன நிலையிலேயே விரிக்கலாம். உங்கள் துண்டின் அளவு 512 கிலோபைட் என்றால், டியூன்2எஃப்எஸ் கொண்டு ஸ்ட்ரைப் அகலத்தை 256 இலிருந்து 384 ஆக்குங்கள். இப்போது தரவு மூன்று தட்டுகளில் பரவுகிறது என்பதைக் கோப்பு முறைமைக்குத் தெரிவிக்கும் வேலை அது. இன்னும் இரண்டு தட்டுகளைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால், இந்த ஈஎக்ஸ்டி4 இல் '64பிட்' வசதி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அது இல்லாவிட்டால் 16 டெபிபைட்டை (1,024 இன் அடுக்குகளில் எண்ணும், டெராபைட்டைவிடச் சற்றுப் பெரிய அலகு) தாண்டி விரியாது.

அச்சகத்தான் | ஞாயிறு, முற்பகல் 10.10

காலையில் முடிந்திருந்தது. நான்கு இடத்திலும் யூ என்ற எழுத்து, அதாவது தட்டு இயங்குகிறது என்ற குறி, நிற்கிறது. கோப்பு முறைமை விரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; டெபிபைட் கணக்கில் 7.3 இருந்த இடத்தில் இப்போது 11 காட்டுகிறது. 64பிட் வசதி இருக்கிறது. தட்டுகளின் தொடர் எண்களை அச்சிட்டு, பெட்டியின் முன்புறத்தில் வரிசைப்படி ஒட்டிவிட்டேன். அச்சகம் என்பதால் ஒட்டுத்தாளுக்குப் பஞ்சமில்லை.

எடுத்த பழைய தட்டை என்ன செய்வது? முதலாளி வீட்டுக்குக் கேட்கிறார்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, முற்பகல் 10.40

மேற்பகுதியை அழித்து, தட்டு முழுதும் பூச்சியம் எழுதிவிட்டுக் கொடுங்கள். ரெய்ட் 5 இன் ஒரு தட்டில் முழுக் கோப்பு இருக்காது என்று எண்ண வேண்டாம். 512 கிலோபைட் துண்டுக்குள் ஓர் அழைப்பிதழின் பெயர், விலாசம், தொலைபேசி எண் எல்லாம் தாராளமாக அடங்கும். படம் பார்க்கப் பாவிக்கட்டும், வேறு எதற்கும் வேண்டாம்.

அச்சகத்தான் | செவ்வாய், முற்பகல் 8.30

ஒரு சிறு தொல்லை. நேற்று சேர்வரை மறுதொடக்கம் செய்ததிலிருந்து, உதிரித் தட்டு காணவில்லை என்று எம்டிஏடிஎம் மின்னஞ்சல் அனுப்புகிறது. என்னிடம் உதிரித் தட்டே இல்லை.

பழைய முனையம் | செவ்வாய், முற்பகல் 8.55

நான்காவது தட்டை உதிரியாகச் சேர்த்த வேளையில் 'டீட்டெயில் ஸ்கேன்' எடுத்து அமைப்புக் கோப்பில் ஒட்டியிருப்பீர்கள். அந்த வரியில் உதிரி ஒன்று என்று எழுதப்பட்டிருக்கும்; அதை நீக்கிவிட்டு, தொகுதியின் அடையாள எண்ணை மட்டும் வைத்து, சேர்வர் தொடங்கும்போது முதலில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பியுங்கள்.

அச்சகத்தான் | செவ்வாய், முற்பகல் 9.20

அப்படியே இருந்தது, நீக்கிவிட்டேன். மின்னஞ்சல் நின்றுவிட்டது. வார இறுதியில் சேர்வரை அணைக்கும் ஏற்பாட்டையும், மாதத்தின் முதல் ஞாயிறுக்கு மட்டும் விலக்கி வைக்கும்படி முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.